மருந்து தெளிக்கும் டிரோனும் சட்ட விதிகளும்

பொழுதுபோக்காக மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிட்டவர்களின் கைவேலை வழியில் வந்ததே, இக்காலத்தில் வயல்களில் பூச்சிமருந்து தெளிக்கும் டிரோன் என்னும் ஆளில்லா விமானம். சுமார் 10 லிட்டர் கரைசலைச் சுமக்கும் யந்திரம், ஓர் ஏக்கரைச் சில நிமிஷங்களில் தெளித்து முடிக்கும். தெளிப்பானை முதுகிற் சுமந்து நஞ்சைச் சுவாசிக்கும் துன்பம் கூலியாளுக்கு வெகுவாகக் குறைகிறது. ஆயினும், மருந்து காற்றில் அடித்துச் செல்லப்படின் அயலார் பயிருக்கும், குளத்து மீனுக்கும், தேனீக்களுக்கும் கேடு விளையும்.

ஆகாயப் பாதுகாப்பை முன்னிட்டு இந்திய அரசாங்கத்தார் 2021-ம் வருஷம் டிரோன் விதிகளை ஏற்படுத்தினர். அவற்றின்படி, 250 கிராமுக்கு மேற்படாதவற்றை ஓட்டுவதற்கும், 2 கிலோ வரையுள்ளவற்றை வியாபார நோக்கமின்றி ஓட்டுவதற்கும் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆகவே, தடையில்லாத இடத்தில் சிறு விமானம் விடும் மாணாக்கனைச் சான்றிதழ் கேட்டு மிரட்டுதல் முறையன்று.

மருந்து தெளிப்பவையோ எடை மிகுந்தவை. அவற்றிற்குப் பதிவெண்ணும், ஓட்டுபவருக்குச் சான்றிதழும் அவசியம். பத்தாம் வகுப்பில் தேறிய, 18 முதல் 65 வயது வரையுள்ளோர் பயிற்சி பெற்று அதனை அடையலாம். விமான நிலையத்தை அடுத்த கிராமங்களில் முன் அனுமதியும் வேண்டும்.

ஆதலின், நிலச் சொந்தக்காரர்கள் வாடகை பேசுமுன் பதிவெண்ணையும் சான்றிதழையும் கேட்டுப் பார்த்தல் நலம். தெளிக்கும் நாளைக் கிராம அதிகாரிக்கும் அயல் நிலத்தாருக்கும் முந்திய தினமே அறிவிக்க வேண்டும். காற்று மிகுந்த வேளையையும் தேனீக்கள் பூக்களில் மேயும் பொழுதையும் தவிர்க்க வேண்டும். ஒரு நாள் பொறுத்தால் பயிருக்குக் குறைவில்லை. அயலாருடன் வழக்கு நேரின் பல வருஷம் செல்லும்.