வட்டக் குடில்களும் கல்வட்டங்களும்

தரையில் வட்டமாகப் பதிந்து கிடக்கும் கற்களைத் தமிழ்நாட்டில் காண்போர் அவற்றைப் பெரும்பாலும் ஈமச்சின்னம் என்றே கொள்வர். செட்டிநாட்டை அடுத்த சித்தன்னவாசல் முதலிய இடங்களில் இரும்புக்கால மக்கள் இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றி எழுப்பிய கல்வட்டங்களைப் பொறுத்தவரை அந்தக் கணிப்பு சரியானதே. ஆயினும் வாழ்ந்தோரின் குடிலும் அதே வடிவில் எச்சமாக நிற்பதுண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய வட்டத்தின் உள்ளேதான் பார்க்க வேண்டும்: கெட்டித்த தரை, அடுப்புச் சாம்பல், தேய்ந்த அரைகல், கூரையைத் தாங்கிய கம்பங்கள் மண்ணில் விட்டுச்சென்ற குழிகள் ஆகியவை வீட்டுக்கு உரியன, கற்குவையும், அதன் கீழ் கற்பலகைகளால் அமைந்த கல்லறையும் அல்லது முதுமக்கள் தாழியும் ஈமத்துக்கு உரியன.

வீட்டு வட்டத்துக்குத் தெளிவான சான்று கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் உள்ள தெக்கலக்கோட்டை. அங்குள்ள கருங்கல் குன்றுகளில் 1963-64இல் எம்.எஸ். நாகராஜ ராவும் கே.சி. மல்கோத்ராவும் நடத்திய அகழாய்வில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில், அதாவது வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைக் கையாண்ட புதிய கற்காலத்தில், மக்கள் வாழ்ந்த வட்டக் குடில்கள் வெளிப்பட்டன. அவற்றின் சுவர் முழுவதும் கல்லால் ஆனதன்று; அடிப்பகுதிக்குக் கல் அணைகொடுக்க, மேலே மரமும் மூங்கிலும் மண்பூச்சும் கூரையும் அமைந்தன. மட்கக்கூடியவை எல்லாம் போய்விட, அடியில் நின்ற கல் மட்டும் எஞ்சியது. கற்சுவர்க் குடில் என்று இன்று சொல்லப்படும் பலவற்றின் உண்மை இதுவே.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கியது திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளி. இந்தியத் தொல்லியல் துறை 1964-65இலும் 1967-68இலும் எஸ்.ஆர். ராவ் தலைமையில் நடத்திய அகழாய்வில் தரையைத் தோண்டி அமைத்த குழிவீடுகள் கிடைத்தன. வட்டமாகவும் நீள்வட்டமாகவும் இருந்த அவற்றின் விளிம்பைச் சுற்றிக் கம்பக்குழிகள் காணப்பட்டன. கல் அடுக்குவதற்கு மாறாக மண்ணைத் தோண்டியவர்கள் பையம்பள்ளி மக்கள். வடிவம் ஒன்றே, வழி வேறு. கருகிய நிலையில் கிடைத்த கொள்ளும் பச்சைப்பயறும் இவர்களது உணவைக் காட்டுகின்றன.

வட்டம் ஏன் என்பதற்கு விடை கட்டுமானத்தில்தான் இருக்கிறது. ஒரு முளையும் கயிறும் இருந்தால் வட்டத்தை வரைந்துவிடலாம். மூலைகளை இணைக்கும் நுட்பம் வேண்டியதில்லை. கூம்புக் கூரை காற்றை எளிதில் விலகிச் செல்ல விடும். ஆனால் குடும்பம் பெருகி அறைகளை ஒட்டிச் சேர்க்க நேரும்போது வட்டம் இடைஞ்சலாகிவிடும். முற்றத்தைச் சுற்றி அறைகள் நீளும் செட்டிநாட்டு வளவு வட்டத்தில் கட்டத்தக்கதன்று.

இதைக் கொண்டு வட்டம் பழமை, சதுரம் முன்னேற்றம் என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். புனே அருகே இனாம்காவில் தக்காணக் கல்லூரியினர் 1968 முதல் 1983 வரை அகழ்ந்தபோது, முந்தைய அடுக்குகளில் பெரிய செவ்வக வீடுகளும், ஏறத்தாழ கி.மு. 1000க்குப் பிந்தைய அடுக்குகளில் சிறிய வட்டக் குடில்களும் கிடைத்தன. மழை குறைந்து வேளாண்மை நலிந்ததால் மக்கள் கால்நடையையும் இடப்பெயர்ச்சியையும் நம்பத் தொடங்கினர் என்று தொல்லியலாளர் எம்.கே. தவளிகர் இதற்கு விளக்கம் தந்தார். பெயர்ந்து செல்வோருக்கு எளிதில் எழுப்பி எளிதில் விட்டுச்செல்லக்கூடிய குடிலே பயன்பட்டது.