சித்திரமும் சொல்லும்

நங்கூரம் ஒன்று, அதனைச் சுற்றி வளைந்த ஓங்கில் மீன் ஒன்று. வெனிஸ் நகரத்தில் அச்சுத்தொழிலாற் புகழ் பெற்ற ஆல்டஸ் மனூஷியஸ் தம் நூல்களிற் பொறித்த முத்திரை இது. சித்திரத்தை மாத்திரம் காண்பார்க்கு இது கடலையோ கப்பலையோ நினைப்பூட்டலாம். 'மெல்ல விரைக' என்று பொருள்படும் இலத்தீன் முதுமொழியை இதனோடு சேர்த்துப் படித்தவுடனே, விரைந்தோடும் மீனும் தடுத்து நிறுத்தும் நங்கூரமும் ஒரு கருத்தாய் ஒன்றுபடுகின்றன. இவ்வாறு படமும் மொழியும் கூடிப் பொருளுணர்த்துவதே, ஐரோப்பியர் எம்பிளம் என வழங்கிய குறிச்சித்திரத்தின் இயல்பாகும்.

இவ்வகை நூல்களுக்கு வழிவகுத்தவர் இத்தாலிய சட்ட அறிஞராகிய ஆந்திரேயா அல்சியாட்டோ. அவருடைய இலத்தீன் செய்யுட்கள் 1531-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் மரச்செதுக்குப் படங்களோடு வெளிவந்தன. மேலே ஒரு குறுமொழி, நடுவே ஒரு படம், கீழே ஒரு செய்யுள் என்னும் மூன்றுறுப்பு அமைப்பு இவ்வகை நூல்களுக்கு மரபாயிற்று. பட்டுப்போன மரத்தைப் பசிய திராட்சைக்கொடி தழுவி நிற்பதாக அவர் நூலில் ஒரு படம் உண்டு. இறந்த பின்னும் நிலைப்பது நட்பு என்பது அதன் கருத்து.

இதனோடு உறவுடையது, பெருமக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட தனிச்சின்னம். 1555-இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் பௌலோ ஜோவியோ இதற்கு விதிகள் வகுத்தார். அவர் கொள்கைப்படி படம் உடல், மொழி உயிர். இரண்டும் தம்முள் அளவொத்திருத்தல் வேண்டும். குறி சொல்வாரை நாடும்படி இருண்டிருத்தலும் ஆகாது. எவர்க்கும் எளிதில் விளங்குமாறு வெளிப்பட்டிருத்தலும் ஆகாது. காண்போன் தானே சிந்தித்துக் கண்ட பொருள் அவன் உள்ளத்தில் ஊன்றி நிற்கும் அன்றோ!

ஆயினும், சொல்லின் துணையின்றியே படம் மெய்ப்பொருளை உணர்த்தும் என்று நம்பினாரும் அக்காலத்துப் பலர். ஹோரப்பொல்லோ இயற்றியதாகக் கூறப்படும் கிரேக்க நூல் 1505-இல் அச்சேறியது. அது எகிப்தியரின் சித்திர எழுத்துக்களை ஞானக்குறிகளாகவே விளக்கிற்று. அவ்வெழுத்துக்களுள் பல ஒலிகளையும் குறிப்பன என்பதைப் பிரெஞ்சு அறிஞர் சம்பொல்லியோன் 1822-இல் புலப்படுத்தவே, அந்நம்பிக்கையின் அடிப்படை தகர்ந்தது.

குறிச்சித்திரங்களே அந்நம்பிக்கைக்கு மறுப்பாக நிற்கின்றன. பாம்பு ஓரிடத்தில் விவேகத்தையும், பிறிதோரிடத்தில் பொறாமையையும் குறிக்கும். இன்னதற்கு இன்ன வடிவம் என்று தொகுத்துரைக்கும் நூலை 1593-இல் சேசரே ரிப்பா வெளியிட்டார். உருவங்களைப் பற்றிய அந்நூலின் முதற்பதிப்பில் விளக்கப்படங்கள் இல்லை, சொற்களே இருந்தன. படம் தானே பேசுமாயின் இத்தகைய அகராதி எற்றுக்கு?

ஆதலின், ஒரு சின்னத்தைக் கண்டவுடன் வணங்குவோரும் வெகுள்வோரும், அதற்கு அப்பொருளை அமைத்தார் யாவர், எக்காலத்து, எச்சொல்லால் என்று முதற்கண் வினவுதல் நலம். கண் காண்பது பாதியே. மற்றைப் பாதியைக் கற்றறிதல் வேண்டும்.