பர்சிலாவின் தட்டும் அம்மாவின் பாட்டும்

அப்சலோமுக்குத் தப்பி மக்னாயீமுக்கு வந்து சேர்ந்த தாவீது ராஜாவுக்கும் அவனோடிருந்த ஜனங்களுக்கும் போஜனம் கொண்டுவந்தவர்களில் ஒருவர், கீலேயாத்தியனாகிய பர்சிலா. கோதுமையும் பயறு வகைகளும் தேனும் வெண்ணெயும் ஆடுகளுமாக அவரும் மற்ற இருவரும் கொண்டுவந்ததைப் பரிசுத்த வேதாகமம் பட்டியலிடுகிறது (2 சாமு. 17:27-29). யுத்தம் முடிந்தபின் ராஜா அவரைத் தன்னோடு எருசலேமுக்கு வரும்படி அழைக்கிறான். அவரோ மறுத்துவிடுகிறார். எனக்கு எண்பது வயதாகிவிட்டது, புசிப்பதின் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தமும் காதில் விழவில்லை, என் ஊரில் என் பெற்றோரின் கல்லறையண்டையில் மரிக்க விடும் என்பதே அவருடைய மறுமொழியின் கருத்து (2 சாமு. 19:31-39).

இப்பகுதியிலிருந்து நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். "நன்றி மறவாத ராஜா" என்று தலைப்பிட்டு மூன்று குறிப்புகளும் கொடுத்திருக்கிறேன். ஆனால் சாப்பாட்டின் ருசியும் பாட்டின் சத்தமும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருவதை நான் கவனித்ததில்லை. கவனிக்க வைத்தவர்கள் எண்பத்திரண்டு வயதான என் தாயாரும், பத்தொன்பது வயதான என் மகளும்.

தட்டில் ஆறிப்போன சோறு

என் தாயார் நாசரேத்துக்கு அருகில் செம்மண் தேரிக்காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். தகப்பனார் காலமானபின், 2019ஆம் ஆண்டு, மும்பையில் ஊழியம் செய்யும் எங்களோடு வந்து தங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் மறதி நோய் அவர்களைப் பிடித்தது. முதலில் கண்ணாடியை மறந்தார்கள்; பிறகு பேத்தியின் பெயரை; பிறகு என்னை. கடந்த ஆண்டு மழைக்காலத்தில் சாப்பாட்டையும் மறக்கத் தொடங்கினார்கள். வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அப்படியே வைத்திருப்பார்கள். என் மனைவி ஒரு மணி நேரம் கெஞ்சி ஊட்டுவாள். மருத்துவர் எடையைப் பார்த்துக் கவலை தெரிவித்தார். "ஊருக்குப் போகணும்" என்பது மட்டும் நாள்தோறும் அவர்கள் வாயிலிருந்து வரும் சொல். பர்சிலா சொன்னதும் அதுதானே!

என் பிள்ளைகளுக்கும் ஆச்சிக்கும் இடையில் பாஷை ஒரு சுவர். வீட்டில் தமிழ் பேசுவார்கள்; ஆனால் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. படிப்பு ஆங்கிலத்தில், தெருவில் ஹிந்தியும் மராத்தியும். பட்டணத்தில் குடியேறிய நம்மில் அநேகருடைய வீட்டு நிலைமை இதுவே.

ஒருநாள் என் மகள், "அப்பா, ஆச்சி எப்பவும் முணுமுணுக்கிறாங்களே, அது என்ன பாட்டு?" என்று கேட்டாள். நான் காது கொடுத்துக் கேட்டேன். என் உள்ளம் குத்துண்டது.

நான் அடக்கிய பாட்டு

அது கீர்த்தனை. வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864), எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) போன்ற பக்தர்கள் கர்நாடக இராகங்களில் பாடிவைத்த பாட்டுகளை நம்மில் பலர் அறிவோம். சாஸ்திரியாருடைய கீர்த்தனைகள் பலவற்றை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853ஆம் ஆண்டு தொகுத்து அச்சிட்டார். அதற்குப்பின் அவை திருநெல்வேலிச் சீமையின் ஆலயங்களிலும் ஓலைக்குடிசைகளிலும் ஒலித்தன. எழுத்தறியாத பெண்களும் பத்துச் சரணங்களை மனப்பாடமாகப் பாடினார்கள். என் தாயார் அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளை.

நானோ வேதாகமக் கல்லூரியில் படித்து, பெந்தெகொஸ்தே ஊழியத்துக்கு வந்தவன். 1994ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அம்மா முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காலை ஜெபத்தில் தம் பழைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். "அம்மா, இதெல்லாம் செத்த பாட்டு, இங்கே ஆவியோடு பாடுகிறோம்" என்று விசுவாசிகள் முன்னிலையில் சொன்னேன். எனக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப்பின் என் வீட்டில் அவர்கள் வாய்விட்டுப் பாடிக் கேட்டதில்லை. கைதட்டிப் பாடும் நம் துதிப்பாடல்களை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் என் தாயின் பாட்டைச் செத்தது என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

எல்லாம் மறந்துபோன பின்னும் அந்தப் பாட்டு அவர்களுக்குள் உயிரோடிருந்தது. மறதி நோயில் சமீப காலத்து நினைவுகள் முன்னதாகவும், இளவயதில் பதிந்த இசை வெகு தாமதமாகவும் மறைவது மருத்துவர்கள் பலர் கண்ட உண்மை. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட "மியூசிகோஃபிலியா" என்ற நூலில் இதைக் குறித்து எழுதியிருக்கிறார்.

மூன்று பாட்டு, ஒரு விருந்து

என் மகள் ஆச்சியின் முணுமுணுப்பைத் தன் கைபேசியில் பதிவு செய்து, தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காளுக்கு அனுப்பினாள். அக்காள் ஒவ்வொரு பாட்டும் எங்கே, எப்போது பாடப்பட்டது என்று விவரித்தாள். விவரிக்கும்போதெல்லாம் தானாகவே ஒரு சாப்பாடும் கூடவே வந்தது.

முதல் பாட்டு, எங்கள் பாட்டி அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டே பாடியது. அம்மிக்கல் முன்னும் பின்னும் போவதுதான் தாளம். அன்றைய சாப்பாடு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இரண்டாவது, அசனப் பண்டிகையில் சபையார் கூடிப் பாடியது. ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்க, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். மூன்றாவது, மார்கழிக் குளிரில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வீடு வீடாகச் சென்று பாடிய பவனிப் பாட்டு. பாடி முடித்ததும் கிடைப்பது சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பியும் முந்திரிக்கொத்தும்.

"அப்பா, இந்த மூணு பாட்டையும் ஒரே நாள் ராத்திரி சமைக்கலாமா?" என்று மகள் கேட்டாள். பாட்டைச் சமைப்பதா என்று நான் சிரித்தேன். பிறகு அந்தச் சனிக்கிழமை அவளோடு மாட்டுங்கா கடைவீதிக்குப் போய் உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கறிவேப்பிலையும் வாங்கி வந்தேன். முந்திரிக்கொத்தை என் மனைவி முந்தின நாளே செய்துவைத்தாள். வறுத்த பாசிப்பயற்று மாவில் தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மஞ்சள் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்தாள்.

உளுந்தஞ்சோற்றுக்கு அக்காள் சொன்ன அளவு இது. அரிசி 2 டம்ளர், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 1 டம்ளர், வாசனை வர வறுத்தது, வெந்தயமும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு 20 பல், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், தேவைக்கு உப்பு. வழக்கத்துக்கு 7 டம்ளர் தண்ணீர் போதும். அம்மா விழுங்கச் சிரமப்படுகிறபடியால் 8 டம்ளர் ஊற்றிக் குழைய வைத்தோம். துவையலுக்கு எள்ளையும் மிளகாய் வற்றலையும் தனித்தனியே வறுத்து, புளி, தேங்காய், பூண்டு, உப்புச் சேர்த்து அரைத்தோம். அம்மாவின் பங்கில் மிளகாயைக் குறைத்து நைசாக அரைத்துக்கொண்டோம்.

"பூண்டு காணாது"

அம்மாவின் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டோம். மகள் முதல் பாட்டை மெல்லிய சத்தத்தில் ஒலிக்கவிட்டாள். உளுந்து வறுபடும் வாசனை எழும்பியது. சிறிது நேரம் அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை நீட்டினார்கள். என்ன கேட்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. என் மனைவிதான் புரிந்துகொண்டு, பூண்டுத் தட்டை மடியில் வைத்தாள். அந்த விரல்கள் ஒரு பல்லை நசுக்கித் தோலை உரித்தன, பிறகு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு உரித்தபின் தட்டைப் பார்த்துவிட்டு, "பூண்டு காணாது" என்றார்கள். பல வாரங்களுக்குப்பின் அந்த இடத்துக்கும் வேளைக்கும் பொருந்த அவர்கள் பேசிய பேச்சு அது. என் மகள் ஓடிப்போய் இன்னொரு பூண்டு கொண்டுவந்தாள்.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அம்மா சாப்பிட்டது ஒரு சிறு கிண்ணம். அதிகமென்று சொல்லமாட்டேன். ஆனால் மென்றார்கள், விழுங்கினார்கள், துவையலை விரலால் தொட்டு மறுபடியும் கேட்டார்கள். இரண்டாவது பாட்டு வந்தபோது பல்லவியைத் தாங்களே எடுத்துப் பாடினார்கள். நான் சேர்ந்து பாடினேன். சிறுவயதில் கற்ற பாட்டு. இரண்டு சரணம் ஓடியது. மூன்றாம் சரணத்தில் தடுமாறி நின்றேன். அம்மா நிற்கவில்லை. என் பெயரை அறியாத என் தாய், நான் மறந்த சரணத்தைப் பிழையில்லாமல் பாடி முடித்தார்கள்.

அப்போது நான் குனிந்து, "அம்மா, 1994ல் உங்கள் பாட்டைச் செத்த பாட்டு என்று சொன்னேனே, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர்கள் என்னைத் தம் அண்ணன் என்று நினைத்துப் பார்த்தார்கள். "சாப்பிடுண்ணே, சோறு ஆறுது" என்றார்கள்.

பிரியமானவர்களே, அந்த மன்னிப்பை முப்பது வருஷம் முன்பே கேட்டிருந்தால் அம்மா அதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். தாமதித்தவன் நான். சோற்றைத்தான் சாப்பிட்டேன், கண்ணீரோடு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவில்லை. நோய் குணமாகவில்லை, குணமாக்கும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப்பின் பாட்டில்லாமல் நாங்கள் அவர்களுக்கு ஊட்டுவதில்லை. சில நாள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். சில நாள் இல்லை. என் மகள் அந்த மூன்று பாட்டுகளையும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்துவிட்டாள். இப்போது தமிழ் எழுத்தும் கற்கிறாள்.

உங்கள் வீட்டில் செய்வதற்கு

பாட்டை நீங்கள் தெரிந்தெடுக்க வேண்டாம். அவர்கள் தாமாக முணுமுணுப்பதைக் கவனியுங்கள். ஊரிலுள்ள மூத்த உறவினரிடம் கேட்டால், அந்தப் பாட்டோடு சேர்ந்த சாப்பாடும் தெரியவரும்.

"ஞாபகம் இருக்கிறதா? நான் யார் சொல்லுங்கள்" என்று சோதிக்காதீர்கள். அது அவர்களைக் கலங்கப்பண்ணும்.

மோப்ப உணர்வு குறைவது இந்நோயில் ஆரம்பத்திலேயே வரக்கூடியது. ஆகையால் வறுத்த, தாளித்த வாசனையுள்ள பதார்த்தங்கள் நல்லது. உப்பையும் இனிப்பையும் மட்டும் கூட்டிவிடாதீர்கள்; இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கவளமாக, குழைவாகக் கொடுங்கள். வாயில் உணவு இருக்கும்போது பாடச் சொல்லாதீர்கள், புரையேறிவிடும். விழுங்கும்போது அடிக்கடி இருமினால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவர்கள் கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பூண்டு உரிப்பதோ கறிவேப்பிலை உருவுவதோ போதும். விருந்தில் அவர்களுக்கும் பங்கு உண்டாகும்.

இவை முதியோருக்கு மாத்திரம் உரியவையல்ல. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வரும் கணவருக்கும், விடுதியிலிருந்து வரும் பிள்ளைக்கும் அவர்கள் நேசிக்கும் பாட்டை வைத்து ஒரு வேளை சமைத்துப் பாருங்கள். என்ன பாட்டு என்று கேட்பதே பாதி விருந்து.

நம் ஆண்டவரும் கடைசிப் போஜனத்தின் முடிவில் சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டுப் பாடியே ஒலிவமலைக்குப் புறப்பட்டார் (மத். 26:30). பந்தியையும் பாட்டையும் அவர் பிரிக்கவில்லை.

தாவீது பர்சிலாவை வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு ஆசீர்வதித்து ஊருக்கு அனுப்பினான். என் தாயாரை இந்த நிலையில் தேரிக்காட்டுக்கு அழைத்துப்போக எங்களால் கூடவில்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் உளுந்தை வறுக்கிறோம், பாட்டை எடுக்கிறோம். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் "ஊருக்குப் போகணும்" என்று சொல்வதில்லை.

உங்கள் வீட்டில் ஒரு பர்சிலா இருந்தால், அவர்களுடைய பாட்டை இன்றைக்கே கேட்டு வையுங்கள். கேட்க வேண்டிய மன்னிப்பு ஏதேனும் இருந்தால், அதையும் சோறு ஆறுமுன் கேட்டுவிடுங்கள்.