முரசில் வென்று, சூரியனில் தோற்று, டெல்லி போனவர்

ஆத்தூரில் நாலு பேர் உட்கார்ந்து அரசியல் பேசும் இடத்தில், கட்சி மாறியவர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கோபப்பட மாட்டார்கள். "அங்க சீட்டு இல்லைன்னாங்க, இங்க வந்துட்டாப்ல" என்று சொல்லிவிட்டு, மரவள்ளிக் கிழங்கு மூட்டை விலைக்குத் தாவிவிடுவார்கள். பழகிவிட்டது. 1999-இல் அ.தி.மு.க.வின் இரட்டை இலையில் நின்று சேலம் எம்.பி. ஆன டி.எம்.செல்வகணபதி, 2024-இல் தி.மு.க.வின் உதயசூரியனில் நின்று அதே சேலத்துக்கு எம்.பி. ஆகியிருக்கிறார். 1999-இல் அவர் தோற்கடித்த வாழப்பாடி ராமமூர்த்தி காங்கிரஸில் வளர்ந்தவர். அப்போது தமிழக ராஜீவ் காங்கிரஸ் என்ற தன் சொந்தக் கட்சியின் பெயரில் நின்றார். ஆத்தூரிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போனால் நடுவில் வருவதுதான் அந்த வாழப்பாடி.

ஒருகாலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1952-இல் சென்னை மாநில முதல்வரானபோது காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடையாது. அக்கம்பக்கத்துக் கட்சிகளின் உறுப்பினர்களைச் சேர்த்துத்தான் ஆட்சி நின்றது. அதே ராஜாஜி 1959-இல் காங்கிரஸை எதிர்த்து சுதந்திராக் கட்சி தொடங்கினார். ஆக, இந்த மண்ணுக்கு இது புதிதில்லை.

இத்தனை பேரில் நான் எடுத்துக்கொள்வது முன்னாள் சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபனை. பெரிய தலைவர் என்பதற்காக அல்ல. அவர் கட்சி மாறிய விதம், அவரோடு சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறிய விதத்திலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாட்டை நம் சட்டமும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணியில் விஜயகாந்தின் தே.மு.தி.க. 41 தொகுதிகளில் நின்று 29-இல் வென்றது. தி.மு.க.வுக்குக் கிடைத்தது 23 தான். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். சேலம் மாவட்டத்தில் சேலம் வடக்கு, மேட்டூர், கெங்கவல்லி ஆகிய மூன்று தொகுதிகள் தே.மு.தி.க. சின்னமான முரசுக்கு விழுந்தன. ஆத்தூர் இரட்டை இலைக்குப் போனது. ஆனால் ஆத்தூரைத் தாண்டினால் கெங்கவல்லியில் முரசு. கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஆத்தூரோடு சேர்ந்து இருக்கும் ரிஷிவந்தியத்தில் விஜயகாந்தே எம்.எல்.ஏ. உளுந்தூர்பேட்டை சாலை நெடுக அந்தக் கட்சியின் கொடி பறந்த காலம் அது. மேட்டூரில் பா.ம.க. தலைவர் ஜி.கே.மணியை எதிர்த்து நின்ற பார்த்திபன், சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். மணி அந்த வட்டாரத்துக்காரர். அவரைத் தோற்கடித்தது சாதாரண விஷயமில்லை.

கூட்டணி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2012 பிப்ரவரி முதல் தேதி சட்டமன்றத்தில் பால் விலை, பேருந்துக் கட்டண உயர்வு பற்றிப் பேச்சு எழுந்தது. விஜயகாந்த் விரலை நீட்டி, நாக்கைத் துருத்தி ஆவேசப்பட்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். உறவு அத்தோடு முறிந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கியது வேடிக்கை. மதுரை மத்தி சுந்தரராஜன், திட்டக்குடி தமிழழகன், அடுத்து ராதாபுரம் மைக்கேல் ராயப்பன், பேராவூரணி அருண்பாண்டியன் என்று ஒவ்வொருவராக முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்தார்கள். கேட்டால், தொகுதி வளர்ச்சிக்காகப் பார்த்தோம் என்றார்கள். பிறகு வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். நாமக்கல் மாவட்டத்து சேந்தமங்கலத்தின் சாந்தியும் அதில் ஒருவர். ஒருவரும் பதவி விலகவில்லை, அ.தி.மு.க.வில் சேரவும் இல்லை. முரசில் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆளுங்கட்சிக்கு மேசை தட்டினார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு 'அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள்' என்று பெயர் வைத்தன.

ஏன் சேரவில்லை என்பது சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாக வந்தபோது, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து உடைத்துக்கொண்டு போனால் பதவி போகாது என்று ஒரு வழி இருந்தது. 2003-இல் அந்த வழியை அடைத்தார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால்தான் தப்பலாம். 29-இல் அதற்கு 20 பேர் வேண்டும். இவர்கள் எட்டுப் பேர்தான். எனவே உடலை இங்கேயும் மனசை அங்கேயும் வைத்தார்கள். தானாகக் கட்சியை விட்டு விலகினார் என்பதற்கு ராஜினாமாக் கடிதம் தேவையில்லை, நடத்தையே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் சபாநாயகர். சபாநாயகரோ ஆளுங்கட்சிக்காரர்.

பார்த்திபன் அந்த வரிசையில் நிற்கவில்லை. 2015 பிப்ரவரியில் அவைக்குள் நடந்த அமளிக்காக தே.மு.தி.க. உறுப்பினர்கள் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். உரிமைக் குழு அதற்கு மேலும் தண்டனை பரிந்துரைத்து, அவையும் ஏற்றது. அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். சேலம் வடக்கு எம்.எல்.ஏ. அழகாபுரம் மோகன்ராஜ் பெயரில் பதிவான அந்த வழக்கில் பார்த்திபன், ஈரோடு கிழக்கு சந்திரகுமார், கும்மிடிப்பூண்டி சேகர் ஆகியோரும் மனுதாரர்கள். அமளியைக் காட்டும் வீடியோவுக்கு விளக்கம் சொல்ல இவர்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று சொல்லி, 2016 பிப்ரவரி 12 அன்று நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று அந்த எட்டு அதிருப்தியாளர்களும் பதவியை ராஜினாமா செய்தார்கள். சட்டமன்றத்தின் ஆயுளே முடியப்போகிற நேரம். இழக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அந்த ராஜினாமாவால் தே.மு.தி.க.வின் பலம் 20-க்கு இறங்கியது. எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்துக்கு 24 வேண்டும். விஜயகாந்தின் பதவி போயிற்று. எட்டுப் பேரில் விருதுநகர் மாஃபா பாண்டியராஜன் மட்டும் ஆவடியில் நின்று ஜெயித்து அமைச்சரானார். சேந்தமங்கலத்தில் 2016-இல் இரட்டை இலை வேறொருவருக்குப் போயிற்று.

அதுவரை விசுவாசமாக இருந்தவர்கள் உடைந்தது அதற்குப் பிறகுதான். மார்ச்சில் தனித்துப் போட்டி என்று அறிவித்த விஜயகாந்த், சில நாட்களில் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்தார். வெற்றி பெறும் கூட்டணி தி.மு.க.தான் என்று கட்சிக்குள் பலர் நினைத்தார்கள். ஏப்ரல் 5 அன்று சந்திரகுமார், பார்த்திபன், சேகர் மூவரும் மாவட்டச் செயலாளர்கள் சிலரோடு வெளியே வந்து அதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அன்றைக்கே நீக்கப்பட்டார்கள். 'மக்கள் தே.மு.தி.க.' என்று ஒரு பெயர் வைத்தார்கள். தி.மு.க. அவர்களுக்கு ஈரோடு கிழக்கு, மேட்டூர், கும்மிடிப்பூண்டி மூன்றையும் கொடுத்தது. சின்னம் உதயசூரியன். வாக்குப்பதிவு மே 16.

மூன்று பேரும் தோற்றார்கள். மேட்டூரில் பார்த்திபனைத் தோற்கடித்தவர் எஸ்.செம்மலை. இந்தச் செம்மலையின் கதையும் சொல்ல வேண்டியதுதான். 1980-இல் தாரமங்கலத்தில் சுயேச்சையாக வென்று, 1984-இல் இரட்டை இலையில் அதே தொகுதியை வென்றவர். 2009-இல் சேலம் எம்.பி. தங்கபாலுவைத் தோற்கடித்தவர். மேட்டூரில் வென்று ஒரு வருடம் ஆவதற்குள், 2017 பிப்ரவரி 18 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரினார். முதல்வரும் சேலம் மாவட்டம், செம்மலையும் சேலம் மாவட்டம். செம்மலை எதிர்த்து வாக்களித்தார். அ.தி.மு.க.வுக்குள் பிரிந்து நின்ற ஓ.பன்னீர்செல்வம் அணியின் பதினோரு பேரில் அவர் ஒருவர். 122-க்கு 11. கொறடா உத்தரவை மீறி அவைக்குள்ளேயே வாக்களித்தவர்கள் மீது சபாநாயகர் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் இரு அணிகளும் இணைந்தன. மாறாக, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் தினகரன் ஆதரவாளர்கள் 18 பேரின் பதவியை அந்த ஆண்டு செப்டம்பரில் பறித்தார் சபாநாயகர் ப.தனபால். அவரும் சங்ககிரியில் எம்.எல்.ஏ. ஆகி, ராசிபுரத்தில் வென்று, அவினாசிக்குப் போனவர். நம் பக்கத்து ஆள்தான். எதிர்த்து வாக்களித்தவர்கள் அவையில் இருந்தார்கள், கடிதம் கொடுத்தவர்கள் வெளியே போனார்கள். இதை யாரேனும் நியாயம் என்று விளக்கினால் கேட்டுக்கொள்ளத் தயார்.

பார்த்திபனுக்கு வருகிறேன். தேர்தல் முடிந்த கையோடு மக்கள் தே.மு.தி.க. தி.மு.க.வில் கரைந்தது. தாய்க்கட்சியின் நிலையோ அதைவிட மோசம்: 2016-இல் ஒரு தொகுதிகூட இல்லை, உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்த் டெபாசிட் இழந்தார். மூன்றாண்டு பதவியில்லாமல் இருந்த பார்த்திபனுக்கு 2019-இல் சேலம் நாடாளுமன்றத் தொகுதியைக் கொடுத்தது தி.மு.க. பழனிசாமி முதல்வராக இருந்தபோது, அவருடைய சொந்த மாவட்டத்தில், 1,46,926 வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். 2024-இல் அதே தொகுதி செல்வகணபதிக்குப் போனது. கட்சி மாறி வந்தவரின் இடத்தை, அவருக்கு முன்பே கட்சி மாறி வந்தவர் வாங்கிக்கொண்டார்.

சந்திரகுமாருக்கு வெற்றி இன்னும் தாமதமாக வந்தது. 2011-இல் ஈரோடு கிழக்கில் அவர் தோற்கடித்தது தி.மு.க.வின் சு.முத்துசாமியை. முத்துசாமி எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர். 2010-இல்தான் தி.மு.க.வுக்கு வந்திருந்தார். 2025 பிப்ரவரியில் அதே ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் சந்திரகுமார் உதயசூரியனில் நின்றபோது, அமைச்சராக அவருக்கு வாக்குக் கேட்டவர் அதே முத்துசாமி. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் போட்டியிடவில்லை. 91,558 வாக்கு வித்தியாசம்.

இவர்களைத் தியாகிகள் என்று சொல்லவில்லை. தோற்கும் கூட்டணியில் இருக்க மனமில்லாமல்தான் வெளியே வந்தார்கள். அதில் கொள்கை தேடுவது வீண். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முரசில் ஐந்தாண்டு இருந்தார்கள், ஐந்தாண்டும் முரசுக்கே வேலை பார்த்தார்கள். சின்னம் மாறியதும் முதல் வேலையாக அதே தொகுதி மக்கள் முன்னால் போய் நின்றார்கள். மேட்டூர்க்காரர்கள் 'வேண்டாம்' என்றார்கள், அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த எட்டு அதிருப்தியாளர்களோ ஆண்டுக்கணக்கில் அந்தக் கேள்வியை மக்களிடம் கேட்கவே இல்லை. இவர்களுக்கு முன்பே 2013 டிசம்பரில் ஆலந்தூர் எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டுக் கட்சியிலிருந்து விலகிய பண்ருட்டி ராமச்சந்திரனையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் பிறகு அ.தி.மு.க.வுக்குப் போனார் என்றாலும், ஆலந்தூர் மக்கள் இடைத்தேர்தலில் மறுபடி வாக்களித்தார்கள்.

வாக்காளரும் மாறுகிறவர்தான். சேலம் 2019-இல் சூரியனுக்கு வாரிக் கொடுத்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆத்தூர் உட்பட மாவட்டத்தின் பதினோரு தொகுதிகளில் பத்தை அ.தி.மு.க. அணிக்குத் தந்தது. 2024-இல் மறுபடி சூரியன். அது அவர் உரிமை. அவர் வாக்குச்சாவடியில் மாறுகிறார், யாருக்கும் கொடுத்த வாக்கைப் பாதி வழியில் பிடுங்கவில்லை.

கட்சி நீக்கினாலும் உறுப்பினர் பழைய கட்சிக்காரராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்பதற்கு முன்னோடித் தீர்ப்பே நம் மாநிலத்திலிருந்து போனதுதான்: அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு ம.தி.மு.க.வுக்குப் போன ஜி.விசுவநாதன் வழக்கு, 1996. சட்டம் இல்லாமல் இல்லை. முடிவெடுக்கும் நாற்காலியும் அது எடுத்துக்கொள்ளும் நாளும்தான் கோளாறு. மணிப்பூர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், கட்சித் தாவல் மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. சபாநாயகரிடமிருந்து இந்த அதிகாரத்தை எடுத்து நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் இன்னும் யோசிக்கவில்லை. 2025 ஜூலையில் தெலங்கானாவில் பி.ஆர்.எஸ். கட்சியிலிருந்து காங்கிரஸுக்குப் போன எம்.எல்.ஏ.க்கள் விவகாரத்தில் அதே நீதிமன்றம் மறுபடி மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சி வேட்டி கட்டியிருந்தாலும், ஆத்தூர்க்காரர்கள் சாலையும் குடிநீரும் கேட்டு முடித்த பிறகு இதையும் கேட்டுவிடுங்கள்: "நாளைக்குக் கட்சி மாறணும்னா, பதவியை எழுதிக் கொடுத்துட்டுப் போவீங்களா?" பதிலை நாலு பேர் கேட்கும்படி சொல்லச் சொல்லுங்கள்.