கண்மாய்த் தண்ணீரின் குணம் சொல்லும் பூச்சிகள்

ஜெகதாப்பட்டினம் என்றதும் விசைப்படகுகள்தான் நினைவுக்கு வரும். கரையிலிருந்து சற்று உள்ளே வந்தாலோ மணமேல்குடி வட்டாரத்தில் கண்மாய்ப் பாசன நெல் சாகுபடிதான். பெரும்பாலும் மானாவாரிக் கண்மாய்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடைத் தண்ணீர் எட்டுகிறவை சில. கடலோரமாகையால் உப்பு ஏறும் பயமும், மேலிருந்து வரும் தண்ணீரோடு பூச்சிமருந்தும் சாக்கடையும் சேரும் பயமும் உண்டு.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்பினால் அன்றைய நிலை மட்டுமே தெரியும். போன வாரம் மருந்து கலந்து போயிருந்தால் அதில் தெரியாமலே போகலாம். மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வளரும் பூச்சிகள் அதைக் காட்டிவிடும்.

இந்த முறை புதிதல்ல. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909-ல் இதற்குப் பட்டியல் வகுத்தார்கள். பின்னர் பிரிட்டனில் பூச்சிக் குடும்பங்களுக்கு 10 முதல் 1 வரை மதிப்பெண் கொடுத்தார்கள். சேற்றுப் புழுவுக்கு 1. சுத்தமான ஓடைப் பூச்சிகளுக்கு 10. வெளிநாட்டு முறைகள் நம் ஆற்றுக்குப் பொருந்துமா என்று காவிரிப் படுகையிலேயே பார்த்தார்கள். பூச்சியியல் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணனும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 1996-ல் வெளியாயிற்று.

ஓடும் ஆற்றின் அளவுகோலைத் தேங்கிய கண்மாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஓடைப் பூச்சி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் கண்மாயைப் போன வருஷத்து அதே கண்மாயோடு ஒப்பிடுங்கள், போதும்.

பழைய கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்துக்கொள்ளுங்கள். கரையோரச் செடிகளின் அடியில் ஐந்து நிமிஷம் அரித்து, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொட்டுங்கள். வாலில் மூன்று மயிரிழையோடு, வயிற்றின் இரு பக்கமும் செதிலாட நெளிவது ஒருநாள் பூச்சியின் குஞ்சு. தட்டையாகக் கொழுத்து, பெரிய கண்ணோடு இருப்பது தட்டானின் குஞ்சு; கொசுப்புழுவைத் தின்னும் நல்ல பிராணி. இரண்டும் இருந்தால் தண்ணீர் பெரும்பாலும் நலம். ஒருநாள் பூச்சிக்கு மருந்தும் ஆகாது, உப்பும் ஆகாது. முதலில் மறைவது பெரும்பாலும் அதுதான்.

இரத்தச் சிவப்பில் நெளியும் புழு எந்தச் சேற்றிலும் நாலைந்து இருக்கும். காற்றுக் குறைந்த சேற்றிலும் அது பிழைக்கும், சிவப்பே அதற்காகத்தான். மற்றவை ஒழிந்து அது மட்டுமே மலிந்தால் சாக்கடையோ அழுகலோ சேருகிறது என்று கொள்ளலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதும் காற்றுக் குறைவுக்கு அடையாளம்.

தை மாதம் ஒரு முறை, தண்ணீர் வற்றும்போது ஒரு முறை, அதே இடத்தில் அரித்து நோட்டில் குறித்து வையுங்கள். வற்றும் காலத்தில் உப்பு தானாகவே கூடும். ஆகவே தையைத் தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

தெளிப்பானைக் கண்மாயில் கழுவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பைரித்ராய்டு வகை மருந்து மிகச் சிறிதளவே இந்தக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். வரப்புக்கு அப்பால் மேட்டில் கழுவி ஊற்றுங்கள்.

மருந்து சேரவில்லை, சாக்கடையும் இல்லை, ஆனாலும் பூச்சிகள் குறைகின்றன என்றால் உப்பைச் சந்தேகிக்கலாம். பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்போது பாட்டில் தண்ணீர் உதவும். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, நாற்று விடுமுன் பரிசோதித்துக் கொள்ளுங்கள். மின் கடத்தும் திறன் 2 மில்லிமோவைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும்.