இடுப்பிலேயே பழுதாகும் பிஸ்டல்

காவிரி பாய்ந்து விழும் ஒகேனக்கல்லையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் தனக்குள் கொண்ட பென்னாகரம் வட்டாரத்தில், துப்பாக்கியின் வரலாறு இரண்டு கிளைகளாக ஓடியிருக்கிறது. ஒன்று, காட்டுப்பன்றியிடமிருந்து நிலக்கடலையையும் ராகியையும் காக்கவென்று மலையோரக் குடியானவர்கள் உரிமத்தோடும் உரிமம் இல்லாமலும் வைத்திருந்த, வேட்டைக்கும் பயன்பட்ட, ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியின் கிளை. உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி வனத்துறையும் காவல்துறையும் காட்டோரக் கிராமங்களில் விடுக்கும் வேண்டுகோள்கள் இதைச் சேர்ந்தவை. மற்றொன்று, அரசின் ஆயுதங்களின் கிளை. பாப்பாரப்பட்டிக்கு அருகிலுள்ள பாடி கிராமத்தில் 2004 அக்டோபர் 18 இரவு, கே. விஜயகுமார் தலைமையிலான தமிழகச் சிறப்பு அதிரடிப்படை, சந்தனமரக் கடத்தல்காரரான வீரப்பனையும் அவருடைய கூட்டாளிகள் மூவரையும் சுட்டு வீழ்த்தியதோடு அந்தக் கிளையின் பெரிய அத்தியாயம் முடிந்தது. அதன்பின் எஞ்சியிருப்பது அன்றாடம்: காவல் அதிகாரியின் இடுப்பில் ஆண்டு முழுவதும் தொங்கி, பயிற்சி நாளில் மட்டும் வெடிக்கும் பிஸ்டல்.

அதிகம் சுமக்கப்பட்டு அரிதாகச் சுடப்படும் இந்த வகை ஆயுதத்தின் நோய்கள், ஓயாமல் சுடப்படும் ஆயுதத்தின் நோய்களிலிருந்து வேறுபட்டவை. பழுதுநீக்கும் கையேடுகள் பெரும்பாலும் தேய்மானத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் பயன்படுத்தப்படாமையால் வரும் பழுதைத் தேய்மானக் கண்ணோடு தேடினால், நல்ல உதிரிப்பாகங்களைக் கழற்றி மாற்றுவதும், உண்மையான குற்றவாளியை மீண்டும் இடுப்புக்கே அனுப்பி வைப்பதும்தான் மிஞ்சும்.

நாட்டுத் துப்பாக்கியில் வேலை அனைத்தையும் மனிதன் செய்கிறான். குழாயின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, அடைப்பை இடித்து, ரவையைப் போட்டு, பின்புறக் காம்பில் தீப்பொறி தரும் கேப்பைச் செருகிச் சுடுகிறான்; சுடாவிட்டால் மருந்து ஈரமாகியிருக்கும், காம்பின் துளை அடைபட்டிருக்கும், அல்லது கேப் கெட்டிருக்கும். அரைத் தானியங்கி பிஸ்டலிலோ, முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிட்ட பிறகு, விசையை இழுப்பதைத் தவிர மற்றனைத்தையும் ஆயுதமே செய்துகொள்கிறது. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னே பாய, அதன் எதிர்விசையால் மேல்பாகமான ஸ்லைடு பின்னே ஓடுகிறது. ஓடும்போது எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் கொக்கி, வெற்று உறையை அதன் விளிம்பில் பிடித்து, தோட்டா அமரும் அறையான சேம்பரிலிருந்து இழுக்கிறது. எஜெக்டர் எனப்படும் அசையாத முனையில் மோதி உறை பக்கவாட்டில் தெறிக்கிறது. சுத்தியல் மறுபடி நிமிர்ந்து பூட்டிக்கொள்கிறது. பின்னோட்டத்தில் அழுந்திய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே தள்ள, அது தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் பெட்டியான மேகசினின் உச்சியிலிருக்கும் அடுத்த தோட்டாவை உருவிச் சேம்பருக்குள் செலுத்திப் பூட்டுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

இந்தியக் காவல் படைகளிலும் ராணுவத்திலும் நெடுங்காலம் புழங்கிவரும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவானது. அதன் மூலம், பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935இல் வெளியிட்ட பிரௌனிங் ஹை-பவர். அதை வடிவமைக்கத் தொடங்கிய அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1926இல் இறந்துவிட, டியூடொன்னே செய்வ் அதை முடித்துவைத்தார். இரண்டாம் உலகப்போரின்போது கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் உருவாக்கிய வடிவமே இந்தியாவுக்கு வழிவழியாக வந்தது. இதில் குழலும் ஸ்லைடும் முதல் சில மில்லிமீட்டர் தூரம் பூட்டியபடியே சேர்ந்து பின்னே நகர்ந்து, அதன்பின் குழலின் பின்முனை கீழே இறங்கிப் பூட்டு விடுபடும்; 9 மி.மீ. தோட்டா எழுப்பும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகக்கூடும் என்பதால், குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை சேம்பர் திறக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

ஹை-பவரில் இன்னொரு சிறப்பும் உண்டு: மேகசின் உள்ளே இல்லாதபோது விசை வேலை செய்யாது. பிரெஞ்சு ராணுவம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்றாக இந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. கடைசியில் பிரெஞ்சு ராணுவம் அந்தப் பிஸ்டலை ஏற்கவில்லை என்பது வேறு கதை. விசையை அழுத்தியும் சுத்தியல் விழவே இல்லை என்ற புகாரோடு இந்தக் குடும்பத்துப் பிஸ்டல் ஒன்று வந்தால், உள்ளே எதையும் கழற்றுவதற்குமுன் மேகசின் ‘க்ளிக்’ என்று முழுமையாகப் பொருந்தியிருந்ததா என்று கேட்பதே முறை.

பழுதறிதலின் அடிப்படை, சுழற்சி எந்த இடத்தில் நின்றது என்று படிப்பதுதான். வெற்று உறை வெளியேற முடியாமல், திறப்பில் புகைபோக்கிபோல் நட்டுக்கொண்டு நின்றால், ஸ்லைடு போதிய வேகத்துடன் பின்னே போகவில்லை என்பது முதல் ஊகம்; பலவீனமான மருந்து, கெட்டியான எண்ணெய், மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்த கை ஆகிய மூன்றும் இதே விளைவைத் தரும். கைத்தளர்வு இயந்திரப் பழுதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு: ஸ்லைடு, அடிச்சட்டத்தைச் சார்ந்துதான் பின்னோடுகிறது; அச்சட்டமும் கையோடு சேர்ந்து பின்வாங்கினால், இரண்டுக்கும் இடையிலான நகர்வு குறைந்துபோகிறது. உறை சேம்பரிலேயே தங்கிவிட, அடுத்த தோட்டா அதன் முதுகில் வந்து மோதி நின்றால், எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி தேய்ந்திருக்கலாம், அதன் அடியில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அல்லது சேம்பரின் சுவர் துருப்பிடித்து உறையை விடாமல் பற்றியிருக்கலாம். உறையின் விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, சேம்பர்தான் விடவில்லை என்று பொருள். விளிம்பில் கீறலே இல்லையென்றால் கொக்கி பிடிக்கவே இல்லை. இந்த வேறுபாட்டைக் காட்டும் சாட்சி அந்த வெற்று உறை ஒன்றுதான்.

சுத்தியல் விழுந்தும் வெடிக்காத தோட்டாவும் அப்படியே. அதன் அடிப்புறத்திலுள்ள பிரைமர் என்னும் தீக்குமிழில் ஆழமான குழி இருந்தால் பழி தோட்டாவுடையது. மேலோட்டமான தடம் மட்டுமிருந்தால், பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளையில் பழைய எண்ணெய் பிசினாகி அடி மெத்தென்று விழுந்திருக்கிறது, அல்லது சுத்தியலின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்லைடு முழுவதுமாக மூடவில்லை. தடமே இல்லையென்றால் பின் உடைந்திருக்கலாம்.

சுடாமலே சுமக்கப்படும் பிஸ்டலின் தனி நோய்கள் இங்குதான் நுழைகின்றன. முதலாவது, அதிகம் பேசப்படாதது. பணி தொடங்கும்போது தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுவதும், பணி முடிந்ததும் இறக்கி அதே தோட்டாவை மறுபடி மேகசினின் உச்சியில் வைப்பதும் வழக்கமாகிவிட்ட இடங்களில், ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் அந்த ஒரே தோட்டாவின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சரிவில் மோதுகிறது. நாளடைவில் குண்டு உறைக்குள் சிறிது சிறிதாக அமிழ்கிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிப்பின் அழுத்தம் கூடும். ஒரு புதிய தோட்டாவை அதன் அருகில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும் இந்தக் குறை, பிஸ்டலை எத்தனை முறை சோதித்தாலும் தெரியாது. இரண்டாவது, இடுப்பு உறையின் நோய். தோல் உறையில் நாள்கணக்கில் கிடக்கும் பிஸ்டலுக்கு, தோலில் தங்கிய ஈரமும் தோல் பதனிடப் பயன்பட்ட வேதிப்பொருள்களும் கேடு விளைவிக்கின்றன. எஃகில் துருவும் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பும் ஏறுகின்றன. களிம்பேறிய தோட்டா மேகசினுக்குள் வழுக்கி மேலேறாமல் தயங்கும். தயங்கினால் ஸ்லைடு அதை உருவாமலே முன்னே ஓடி, காலியான சேம்பரின்மேல் மூடிக்கொள்ளும். அப்போது பார்வைக்குப் பிஸ்டல் தயார் நிலையில் இருக்கும். விசையை இழுத்தால் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே கேட்கும்.

மூன்றாவது, பராமரிப்பின் பெயரால் வருவது. சுடாத ஆயுதத்தைக் கவனிப்பதென்றால் எண்ணெய் பூசுவது என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதால், பூச்சின்மேல் பூச்சாக எண்ணெய் ஏறுகிறது. கோடையில் வறண்டு புழுதி பறக்கும் பென்னாகரத்துச் சாலைகளிலும், ஆற்றோரத்தில் ஈரப்பதம் நிறைந்த ஒகேனக்கல்லிலும் மாறி மாறி அலையும் ஆயுதத்தில், மிகுதியான எண்ணெய் புழுதியைப் பிடித்துச் சாணைக்கூழாகிவிடுகிறது. மேகசினுக்குள் பூசப்பட்ட எண்ணெய் பிரைமருக்குள் கசிந்து தோட்டாவையே கொல்லவும் கூடும். மேகசினின் உட்புறத்தைத் துடைத்து உலர்வாக வைப்பதே சரி. ஆண்டுக்கணக்கில் தோட்டா நிரம்பிக் கிடப்பதால் மேகசின் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு உள்ள செல்வாக்கு அதன் தகுதிக்கு மிஞ்சியது. நல்ல எஃகு ஸ்பிரிங்கை அழுத்தம் மட்டும் கெடுப்பதில்லை, அழுந்தி விரிவதன் எண்ணிக்கையே அதைச் சோர்வடையச் செய்கிறது.

மேகசின்மீது சந்தேகமே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை; சந்தேகப் பட்டியலில் தோட்டாவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். மெல்லிய தகட்டால் ஆன அதன் இரு உதடுகள் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்திருக்க வேண்டும். நிரம்பிய மேகசின் சிமென்ட் தரையில் ஒருமுறை தலைகீழாக விழுந்தால் போதும், உதடு விரிந்து தோட்டாவின் மூக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு நழுவும். 1999 கார்கில் போரில் இன்சாஸ் ரைஃபிள்மீது எழுந்த புகார்களில் ஒன்று, கடுங்குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் கண்டது என்பதே. ஆயுதங்களிலேயே மிக மலிவான உறுப்பு, மிக விலையுயர்ந்த தோல்விகளுக்குக் காரணமாகிறது. அதனால் அனுபவமுள்ள ஆர்மரர், அதாவது படையின் ஆயுதப் பழுதுநீக்குநர், ஒவ்வொரு மேகசினுக்கும் வண்ணத்தால் எண் இடுகிறார். பழுது எண்ணைப் பின்தொடர்ந்தால் மேகசினும், எந்த மேகசினைப் போட்டாலும் தொடர்ந்தால் பிஸ்டலும், ஆளைப் பின்தொடர்ந்தால் கையும் காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற விதியை மீறி, மேகசினையும் தோட்டாவையும் ஸ்பிரிங்கையும் ஒருசேர மாற்றியவருக்குப் பிஸ்டல் சரியாகியிருக்கலாம், காரணம் கிடைத்திருக்காது.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில் பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டல் 6,000 தோட்டாக்களை ஒரு பழுதுமின்றிச் சுட்டுத் தள்ளியதையும், போட்டியிட்ட சாவேஜ் பிஸ்டல் 37 முறை மக்கர் செய்ததையும் வரலாறு பெருமையோடு குறிப்பிடுகிறது. ஓயாமல் சுட்டும், இடையிடையே எண்ணெய் இட்டும் பெற்ற பெருமை அது. மாதக்கணக்கில் உறையில் கிடந்து, திடீரென்று ஒருநாள் உருவப்படும் பிஸ்டலைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை.

ஆபத்தான பழுதுகள் இரண்டைத் தனியே பிரித்தறிய வேண்டும். விசையை இழுத்ததும் வெடிக்காமல், சற்றுத் தாமதித்து வெடிப்பது ஒன்று. ஈர மருந்துள்ள நாட்டுத் துப்பாக்கியில் இது அதிகம், தொழிற்சாலைத் தோட்டாவில் அரிது. எதுவானாலும் குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி 30 நொடிகள் காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சி மைதானத்தின் விதி. மற்றது, மருந்து குறைந்த தோட்டா மெல்லிய ஒலியோடு வெடித்து, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது. அதை உணராமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். ஒலியோ உதைப்போ வழக்கத்துக்கு மாறாக மெலிந்திருந்தால் சுடுவதை அங்கேயே நிறுத்தி, ஆயுதத்தைக் காலி செய்து, குழலைச் சோதிக்க வேண்டும்.

9 மி.மீ. பிஸ்டல் இந்தியாவில் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது என்பதால், தனியார் உரிமதாரரிடம் பொதுவாக இருப்பது .32 வகைதான். தேர்தல் அறிவிக்கப்பட்டால் அந்தத் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்வது வழக்கம். 2010 மார்ச்சில் நடந்த பென்னாகரம் இடைத்தேர்தலைப் போல வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும் தேர்தல்களில் அந்தக் காத்திருப்பும் நீளும். திரும்பி வரும் ஆயுதத்தைத் துடைத்து, குழலைப் பார்த்து, தோட்டாவை மாற்றுவதுவரை உரிமதாரரின் வேலை. கொக்கியை அரத்தால் ராவுவது, ஸ்பிரிங்கை வெட்டுவது, ஊர்ப் பட்டறையில் கொடுத்துப் பின்னைக் கடைவது ஆகியவற்றுக்கு அவருக்கு உரிமையில்லை; 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவில் துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் போலவே பழுதுபார்ப்பதையும் தனி உரிமத்துக்கு உட்படுத்துகிறது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதை மீறுவோருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை காத்திருக்கிறது.

காவலருக்கோ வேறொரு சிக்கல். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பிஸ்டல் நின்றுபோனால், மேகசினின் அடியை ஓங்கித் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, மீண்டும் சுட வேண்டும் என்றே பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது, அதுவே சரி. ஆனால் அந்த ஒரே இழுப்பில், சுழற்சி எங்கே நின்றது என்பதற்கான தடயம் தெறித்துப் புல்லில் விழுந்துவிடுகிறது. பயிற்சி மைதானத்தில் அந்த அவசரம் இல்லை. அங்கே பழுது நேர்ந்தால், விசையிலிருந்து விரலை எடுத்து, நின்ற நிலையை முதலில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகே ஆயுதத்தைக் காலி செய்ய வேண்டும். வெடிக்காத தோட்டா, வெற்று உறை, எண்ணிட்ட மேகசின் ஆகியவை பிஸ்டலோடு சேர்ந்தே ஆர்மரரிடம் போக வேண்டும். மரியாதை கருதிப் பளபளவென்று துடைத்து, எண்ணெய் பூசி, மேகசின் இல்லாமல் தனியே அனுப்பப்படும் பிஸ்டலில், அவர் தேட வேண்டியது எதுவுமே எஞ்சியிருக்காது.