மாணவர் உருவாக்கும் கணினி அசைவூட்டக் குறும்படம்: 1972ஆம் ஆண்டின் 'கை' படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி அசைவூட்டக் குறும்படம் இன்று பல உயர்கல்வி நிறுவனங்களில் இறுதிப் பருவப் பணியாக இடம்பெறுகிறது. அப்பணி ஒரு மென்பொருளைக் கையாளும் திறனைக் காட்டும் சான்றா, புதிய அறிவைத் தேடும் ஆய்வா என்னும் வினா தெளிவுபடுத்தப்படாமலேயே மதிப்பீடு நடைபெறுகிறது. 1972இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் இருவர் உருவாக்கிய ஏறத்தாழ ஒரு நிமிட அளவிலான 'கணினி அசைவூட்டக் கை' என்னும் படத்தின் உருவாக்க முறையை இக்கட்டுரை படிநிலைகளாக விளக்குகிறது. அப்படத்தில் வெளிப்பட்ட குறைகளே அவ்விருவரின் முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு வினாக்களாயின என்பதை நிறுவி, மாணவர் படங்களை மதிப்பிடுவதற்கான சில அளவுகோல்களை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: கணினி அசைவூட்டம், மாணவர் குறும்படம், பலகோணப் பரப்பு, ஒளிநிழல், மதிப்பீடு

முன்னுரை

அசைவூட்டம் என்பது அசையாப் படங்களை விரைந்து அடுத்தடுத்துக் காட்டுவதன் மூலம் அசைவுத் தோற்றத்தை உண்டாக்கும் கலை. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஆகவே ஒரு நிமிடப் படத்திற்கு 1,440 சட்டகங்கள் தேவை. கையால் வரையும் மரபில் ஓவியரின் கையே இவற்றை உருவாக்கியது. முப்பரிமாணக் கணினி அசைவூட்டத்தில் ஓவியர் வரைவது படத்தை அன்று. பொருளின் வடிவம், அதன் அசைவு, அதன்மீது விழும் ஒளி ஆகியவற்றை எண்களாக விவரித்தால் கணினி ஒவ்வொரு சட்டகத்தையும் கணக்கிட்டுத் தருகிறது.

இன்று இவ்விவரிப்பின் பெரும்பகுதி மென்பொருளுக்குள் ஆயத்த நிலையில் கிடைக்கிறது. எலும்புக்கூட்டோடு இணைந்த மனிதக் கை ஒன்றை மாணவர் ஒருவர் சில நிமிடங்களில் திரையில் கொண்டுவந்துவிடலாம். அவ்வசதி இல்லாத காலத்தில் ஒரு கையை அசைக்க என்னென்ன செய்யவேண்டியிருந்தது என்பதை அறிவது, ஆயத்த நிலையில் கிடைப்பவற்றுக்குள் மறைந்திருக்கும் அறிவைப் புரிந்துகொள்ள உதவும்.

சூழலும் மாணவர்களும்

யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினித் துறையைக் கட்டியெழுப்ப டேவிட் எவான்ஸ் 1965இல் அழைக்கப்பட்டார். ஊடாட்ட வரைகலையின் முன்னோடியான ஐவன் சதர்லாண்ட் 1968இல் அங்கு இணைந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை அளித்த நிதியால் விலைமிகுந்த கருவிகள் மாணவர்களின் கைக்கு எட்டின. அந்நாளில் உலகின் மிகச் சில இடங்களிலேயே இத்தகைய வாய்ப்பு இருந்தது.

இச்சூழலில் பயின்றவர்களே எட்வின் கேட்மலும் ஃபிரெட் பார்க்கும். கேட்மல் சிறுவயதில் அசைவூட்ட ஓவியராக விரும்பியவர். தம் வரைதிறன் அதற்குப் போதாது என உணர்ந்து இயற்பியலையும் கணினி அறிவியலையும் பயின்றார். வரைய இயலாத ஒருவர் வரையும் கலைக்குள் நுழைவதற்குத் தேடிய மாற்றுவழி என்றும் அவருடைய படத்தைக் கொள்ளலாம்.

உருவாக்கப் படிநிலைகள்

முதற்படி அளவெடுத்தல். கேட்மல் தம் இடக்கையைப் பிளாஸ்டரில் பதித்து அச்சு எடுத்தார். அவ்வச்சிலிருந்து கையின் மாதிரியுரு ஒன்று வார்க்கப்பட்டது. அதன் பரப்பின்மீது ஏறத்தாழ 350 முக்கோணங்களும் பிற பலகோணங்களும் மையால் வரையப்பட்டன. இக்கோடுகளை எங்கே வரைவது என்பதில் ஒரு தேர்வு அடங்கியிருந்தது. மிகுதியான பலகோணங்கள் வடிவத்தை நுட்பமாகக் காட்டும். ஆனால் கணக்கீட்டு நேரம் கூடும். குறைவான பலகோணங்கள் விரைவைத் தரும். ஆனால் விரல் மடியும் இடத்தில் வடிவம் சிதையும்.

இரண்டாம்படி எண்ணாக்கம். ஒவ்வொரு பலகோணத்தின் முனைகளும் முப்பரிமாண வெளியில் எங்கே அமைகின்றன என்பது அளக்கப்பட்டுத் தட்டச்சு வழியாகக் கணினிக்குள் செலுத்தப்பட்டது. இந்நிலையில் கை என்பது ஓர் எண் அட்டவணை மட்டுமே.

மூன்றாம்படி அசைவு. விரல்கள் மூடித் திறக்கவேண்டுமாயின் எந்த முனைகள் எந்த மூட்டைச் சுற்றி எவ்வளவு கோணம் சுழலவேண்டும் என்பதை நேரத்தோடு இணைத்து வரையறுக்கவேண்டும். சுழற்சி ஒரே வேகத்தில் நிகழ்ந்தால் அசைவு பொறியினுடையதாகத் தோன்றும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் தணிந்தால்தான் அது உயிருள்ள கையாகத் தோன்றும். மரபு ஓவியர்கள் பழக்கத்தால் கைக்கொண்டிருந்த இந்நுட்பம் இங்குக் கணித வடிவம் பெறவேண்டியதாயிற்று.

நான்காம்படி ஒளிநிழல். ஒவ்வொரு பலகோணத்திற்கும் ஒரே அளவு ஒளி தரப்பட்டால் கை பட்டைதீட்டிய கல்போலத் தோன்றும். அதே துறையில் பயின்ற ஹென்றி கூரோ, 1971இல் இதற்கு ஒரு தீர்வு கண்டிருந்தார். பலகோணத்தின் முனைகளில் மட்டும் ஒளியளவைக் கணக்கிட்டு, இடைப்பட்ட பரப்பில் அதனைப் படிப்படியாக மாறச்செய்வது அவர்தம் முறை. இதனால் பட்டைகள் மறைந்து பரப்பு வழவழப்பாகக் காட்சியளிக்கும்.

ஐந்தாம்படி பதிவு. கணினி ஒரு படத்தைத் திரையில் மெல்ல மெல்லவே தீட்டியது. முழுப்படமும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீண்ட நேரம் ஒளிபடவிட்டு எடுத்த ஒளிப்படத்தில்தான் அதனைக் காண முடிந்தது. படம் நிறைவளித்த பின்னரே சட்டகங்கள் 35 மி.மீ. படச்சுருளில் பதிவுசெய்யப்பட்டன. ஒரு நிமிடப் படத்தை முடிக்க அறுபதாயிரம் நிமிடங்களுக்கு மேல் ஆயின எனக் கேட்மல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அதாவது ஆயிரம் மணிநேரத்துக்கும் மேல்.

படத்தின் உள்ளடக்கம்

படத்தில் கதையில்லை. மாதிரியுருவின்மீது கோடுகள் வரையப்படுவதும் படத்திலேயே காட்டப்படுகிறது. பின்னர்க் கணினியில் உருவான கை சுழல்கிறது. விரல்களை மடக்கி நீட்டுகிறது. சுட்டுவிரலால் பார்வையாளரை நோக்கிச் சுட்டுகிறது. இறுதியில் பார்வை கையின் உள்ளே புகுந்து, உள்ளீடற்ற விரல்களின் உட்புறத்தைக் காட்டுகிறது. ஒளிப்படக் கருவியால் எடுக்க இயலாத இக்காட்சி, திரையில் இருப்பது கையன்று, கையின் பரப்பை விவரிக்கும் எண்களே என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. செய்முறையை மறைக்காமல் காட்டுவது இப்படத்தின் தனித்தன்மை.

பார்க் இதே காலத்தில் மனித முகத்தை அசைவூட்ட முயன்றார். தம் மனைவியின் முகத்தின்மீது பலகோணங்களை வரைந்து, இரு திசைகளிலிருந்து ஒளிப்படம் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண அளவுகளைப் பெற்றார். வெவ்வேறு மெய்ப்பாடுகளை இவ்வாறு பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முகம் மாறும் இடைநிலைகளைக் கணினியால் கணக்கிடச் செய்தார்.

குறைகள் வினாக்களாதல்

இப்படங்கள் எதைச் சாதித்தன என்பதைவிட எங்கே தடுமாறின என்பது ஆய்வு நோக்கில் முதன்மையானது. கூரோவின் முறை பரப்பின் உட்பகுதியை வழவழப்பாக்கியதே தவிர, உருவத்தின் புறவரையை மாற்றவில்லை. விரலின் ஓரங்கள் சிறுசிறு நேர்கோடுகளால் ஆனவையாகவே தெரிந்தன. பலகோணங்களைப் பெருக்கினால் இக்குறை குறையும், முற்றிலும் நீங்காது. வளைந்த பரப்பை வளைந்த பரப்பாகவே கணினியில் காட்ட இயலுமா என்னும் வினா இங்கிருந்து எழுகிறது.

கேட்மலின் 1974ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு இவ்வினாவுக்குரிய விடையாக அமைந்தது. வளைபரப்பைத் திரையின் ஒரு புள்ளியளவு சிறிதாகும்வரை மீண்டும் மீண்டும் பகுக்கும் முறையை அது முன்வைத்தது. பல பரப்புகள் ஒன்றையொன்று மறைக்கும்போது எது முன்னே நிற்கிறது என்பதை அறிய, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஆழத்தை நினைவகத்தில் வைத்து ஒப்பிடும் முறையும், ஒரு படத்தை வளைபரப்பின்மீது போர்த்தும் முறையும் அதே ஆய்வேட்டில் இடம்பெற்றன. இன்றைய விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் இம்முறைகள் அடிப்படைக் கருவிகளாக உள்ளன.

பார்க்கின் நிலையும் இதுவே. ஒவ்வொரு மெய்ப்பாட்டையும் தனித்தனியே அளந்து பதிவது பெருஞ்சுமையாயிற்று. புருவத்தின் உயரம், வாயின் திறப்பு, தாடையின் சுழற்சி முதலான சில மாறிகளைக் கொண்டே பல முகநிலைகளைப் பெறும் மாதிரியை அவர் 1974இல் தம் ஆய்வேடாக அளித்தார். இருவரிடத்தும் படம் வினாவை எழுப்பியது; ஆய்வேடு விடையைத் தேடியது. குறையை மறைக்க முயன்றிருந்தால் இவ்வளர்ச்சி நிகழ்ந்திருக்காது.

கையும் முகமும் 1976இல் வெளிவந்த 'ஃபியூச்சர்வேர்ல்ட்' என்னும் முழுநீளத் திரைப்படத்தில் எடுத்தாளப்பட்டன. 2011இல் 'கணினி அசைவூட்டக் கை' அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கதைப்படத்திற்கும் பொருந்துமா?

'கை' ஒரு தொழில்நுட்ப ஆய்வு. கதை சொல்லும் மாணவர் படங்களுக்கு இவ்வாதம் பொருந்தாது எனச் சிலர் கருதலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஷேன் ஏக்கர் உருவாக்கிய '9' (2005) இவ்வையத்தைத் தீர்க்கிறது. ஏறத்தாழ 11 நிமிட அளவுள்ள இப்படம் நாலரை ஆண்டு உழைப்பில் உருவானது; ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 2009இல் முழுநீளப்படமாகவும் விரிந்தது.

இதன் மாந்தர் சாக்குத்துணியால் தைத்த பொம்மைகள்; அவர்கள் பேசுவதில்லை. எனவே கூந்தல், மனிதத் தோல், உரையாடலுக்கேற்ற உதட்டசைவு ஆகிய கடினமான பணிகள் எழவில்லை. அதேவேளையில் பேச்சின்மை கதையின் அச்சத்தையும் தனிமையையும் மிகுவிக்கிறது. இங்கு வரம்பே வடிவமாகிறது. தம் ஆற்றலின் எல்லையை அளந்தறிந்து அதற்குள் பொருந்தும் கதையைத் தேர்வதும் ஆய்வு மனப்பான்மையின் பாற்பட்டதே.

மதிப்பீட்டுக்கான அளவுகோல்கள்

2002இல் பிளெண்டர் மென்பொருள் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டதிலிருந்து கருவியின் விலை தடையாக இல்லை. இன்றைய தடை வேறு. திரையரங்கப் படங்களின் மெருகை மாணவர் படத்திலும் எதிர்பார்க்கும்போது, ஆயத்த உருக்களை அடுக்கிச் சேர்த்தவர் உயர்ந்த மதிப்பெண் பெறுகிறார். ஓர் அசைவைத் தாமே முயன்று பாதி வென்றவர் பின்தங்குகிறார். இந்நிலையை மாற்றப் பின்வரும் மூன்று கூறுகளை மதிப்பீட்டில் இணைக்கலாம்.

ஒன்று, எல்லை வரையறை. தம் காலத்திற்கும் கருவிக்கும் ஏற்ப மாணவர் எதை விலக்கினார், ஏன் விலக்கினார் என்பதற்கு விளக்கம் தரவேண்டும்.

இரண்டு, செய்முறைப் பதிவு. அளவெடுத்தல் முதல் இறுதிப் பதிவு வரையிலான படிநிலைகளும் கைவிடப்பட்ட முயற்சிகளும் படத்துடன் ஒப்படைக்கப்படவேண்டும்.

மூன்று, எஞ்சிய வினா. படம் தீர்க்காது விட்ட ஒரு சிக்கலை மாணவர் பெயரிட்டுச் சொல்லவேண்டும். அச்சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு என அறிந்தால் மாணவர் தம் குறையை மறைக்கமாட்டார்.

முடிவுரை

ஒரு கையின் அசைவை ஒரு நிமிடம் காட்டிய மாணவர் படம் ஒரு துறையின் அடிப்படைகள் சிலவற்றுக்கு வித்திட்டது. அதற்குக் காரணம் அதன் மெருகன்று. எடுத்துக்கொண்ட பொருளின் சிறுமையும், செய்முறையை வெளிப்படையாக வைத்த நேர்மையும், முடியாததை அடுத்த ஆய்வின் தொடக்கமாகக் கொண்ட நோக்குமே. கருவிகள் மாறியுள்ளன, விரலின் ஓரத்தில் தெரியும் கோணலைக் கண்டு, அது ஏன் அவ்வாறு தெரிகிறது என வினவும் மாணவரின் தேவை மாறவில்லை. அவ்வாறு வினவும் மாணவர்க்கு இடமளிப்பது பாடத்திட்டத்தின் கடமையாகும்.